காணாத பூமியை அறிதல்

மணிமேகலைக் காப்பியத்தின் இருபத்தேழாம் காதையில், மாதவத் துறவியின் வடிவெடுத்த மணிமேகலை வஞ்சி நகரில் பல சமயத்தாரையும் சந்தித்து அவரவர் கொள்கையைக் கேட்டறிகிறாள். அந்த வரிசையின் கடைசியில் வருபவன் பூதவாதி. கண்கூடாகக் காண்பதே அறிவு, கருதிப் பெறுவது எதுவும் நிலைக்காது என்பது அவனுடைய முடிபு. அவள் அவனைத் திருப்பிக் கேட்கிறாள்: உன் தாயும் தந்தையும் இன்னார் என்பதை அனுமானத்தால் அல்லாமல் வேறு எதனால் அறிந்தாய்? தான் பிறந்ததைத் தானே கண்டவர் எவரும் இல்லை. அந்தப் பூதவாதியின் வாதத்தை இன்று காலநிலை பற்றிய விவாதங்களில் அடிக்கடி கேட்கிறோம். கணினியில் கணக்குப் போட்டுச் சொல்வதை எப்படி நம்புவது, நடக்கும்போது பார்த்துக்கொள்ளலாம் என்கிறார்கள். காற்றில் கார்பன் டை ஆக்சைடு இரட்டித்த பூமியை மனிதர் எவரும் கண்டதில்லை என்பது உண்மை. அந்தப் பூமியைப் பற்றி நாம் சொல்வதெல்லாம் கருதல் அளவையால், அதாவது அனுமானத்தால், பெற்றவை. அப்படிப் பெற்ற அறிவு, கண்ணால் கண்டதற்கு இணையாக நம்மைக் கட்டுப்படுத்துமா? கட்டுப்படுத்தும் என்பதே என் வாதம். எந்த நிபந்தனையோடு கட்டுப்படுத்தும் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். நிபந்தனையை விட்டுவிட்டால் கணினியில் ஓடும் காலநிலை மாதிரி வேத வாக்காகிவிடும். அந்தத் தவறு பூதவாதியின் தவறைவிடச் சிறியதல்ல.

முதலில் அந்தக் கருதல் எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். 1967இல் சியுகுரோ மனாபே, ரிச்சர்டு வெதரால்டு இருவரும் வெளியிட்ட ஆய்வில் கடல் இல்லை, கண்டங்கள் இல்லை, காற்றின் ஓட்டமும் இல்லை. பூமி முழுவதற்கும் சராசரியாக நிற்கும் ஒரே ஒரு காற்றுத் தூண் மட்டுமே இருந்தது. மேலிருந்து சூரிய ஒளி இறங்குகிறது. கீழிருந்து அகச்சிவப்புக் கதிர் ஏறுகிறது. ஒவ்வொரு உயரத்திலும் எந்த வாயு எவ்வளவு கதிரை விழுங்கித் திரும்ப உமிழ்கிறது என்று கணக்கிடுகிறார்கள். உயரம் கூடக் கூட வெப்பம் ஒரு கிலோமீட்டருக்கு ஆறரை டிகிரிக்கு மேல் சரிந்தால், காற்று தானே மேலெழுந்து கலந்து அதைச் சரிசெய்துகொள்ளும் என்று வைக்கிறார்கள். பிறகு கார்பன் டை ஆக்சைடைப் பத்து லட்சத்தில் 300 பங்கிலிருந்து 600 பங்காக்குகிறார்கள். காற்றிலுள்ள நீராவியின் அளவு மாறாது என்று கொண்டால் தரை 1.33 டிகிரி சூடாகிறது. ஆனால் சூடான காற்று கூடுதல் நீராவியைத் தாங்கும். நீராவியும் வெப்பத்தைப் பிடித்துவைக்கும் வாயுதான். ஆகவே ஒப்பு ஈரப்பதமே மாறாமல் நிற்கும் என்று கொண்டால் விடை 2.36 டிகிரியாகிறது. அதே கணக்கு இன்னொன்றையும் சொன்னது: தரை சூடாகும்போது மேலே அடுக்கு மண்டலம் குளிரும். இந்த இரண்டாவது விடையை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும், பின்னால் தேவைப்படும்.

மனாபே ஜப்பானில் பிறந்து 1958இல் அமெரிக்கா சென்றவர். பின்னாளில் பிரின்ஸ்டனுக்கு இடம்பெயர்ந்த அரசு ஆய்வகம் ஒன்றில் பணியாற்றினார். 1975இல் அவரும் வெதரால்டும் அந்தத் தூணைக் காற்றோட்டமுள்ள முப்பரிமாண உலகமாக விரித்தபோது, இரட்டிப்புக்கான விடை மூன்று டிகிரிக்குச் சற்றுக் குறைவாக வந்தது. துருவப் பகுதிகள் மற்ற இடங்களைவிட அதிகமாகச் சூடாகும் என்பதும், ஆவியாதலும் மழையும் சேர்ந்தே கூடும் என்பதும் அதில் தெரிந்தன. 2021இல் அவருக்கு இயற்பியல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. இன்றைய மாதிரிகள் பூமியை ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் அகலமுள்ள கட்டங்களாகப் பிரித்து, வளிமண்டலத்தையும் கடலையும் பல அடுக்குகளாக அடுக்கி, காற்று, வெப்பம், ஈரம், உப்பு எல்லாவற்றையும் சில நிமிடங்களுக்கு ஒரு முறை முன்னகர்த்துகின்றன. எல்லா ஆய்வுக் குழுக்களும் செய்ய வேண்டிய பொதுச் சோதனை ஒன்று உண்டு. முதலில் 1850ஆம் ஆண்டின் காற்றைக் கொடுத்து, மாதிரி உலகம் நிலைகொள்ளும் வரை நூற்றாண்டுக் கணக்கில் ஓட விடுகிறார்கள். பிறகு ஒரே கணத்தில் கார்பன் டை ஆக்சைடை நான்கு மடங்காக்கி, மேலும் நூற்றைம்பது ஆண்டுகள் ஓட்டுகிறார்கள். அப்படிப்பட்ட ஒரு கணம் எந்தப் பூமியிலும் வந்ததில்லை. இருந்தும், வாயுவின் விளைவை மற்ற எல்லாவற்றிலிருந்தும் தனியே பிரித்துப் பார்க்க இதைவிடத் தெளிவான வழி இல்லை.

இங்கே தர்க்கவாதி குறுக்கிடுவார், நியாயமாகவே. புகையைக் கண்டு தீ உண்டென்று கருதுகிறோம் என்றால், அடுக்களையில் புகையும் தீயும் சேர்ந்திருப்பதைப் பலமுறை கண்டிருக்கிறோம். அந்த உடனிகழ்ச்சிதான் அனுமானத்தின் உயிர். பூமியோ ஒன்றுதான். கார்பன் டை ஆக்சைடு இரட்டித்த பூமிகள் பத்தைக் கண்டு, பத்தும் சூடானதைப் பார்த்திருந்தால் பதினோராவதைப் பற்றிச் சொல்லலாம். ஒன்றைக்கூடக் காணாமல் எந்த உடனிகழ்ச்சியை வைத்துக் கருதுகிறீர்கள்? காலநிலை அறிவைப் பற்றி எழுப்பப்பட்ட கேள்விகளில் எனக்கு மிகக் கூர்மையானதாகத் தோன்றுவது இதுதான். மாதிரி பயன்படுத்தும் உடனிகழ்ச்சி பூமிகளுக்கிடையே உள்ளதன்று என்பது இதற்கு விடை. கார்பன் டை ஆக்சைடு எந்த அலைநீளக் கதிரை எவ்வளவு விழுங்குகிறது என்பது ஆய்வுக்கூடக் குழாய்களில் எண்ணற்ற முறை அளந்தறியப்பட்டது. 1859இல் ஜான் டிண்டால் தொடங்கிய வேலை அது. ஒரு டிகிரி கூடினால் காற்று ஏறத்தாழ ஏழு சதவீதம் கூடுதல் நீராவியைத் தாங்கும் என்பதும் அப்படியே. பாய்மங்கள் நகரும் விதி ஆறுகளிலும் குழாய்களிலும் விமான இறக்கைகளிலும் சோதிக்கப்பட்டது. ஒவ்வொரு கண்ணியும் கண்டறிந்த கண்ணி. காணாதது அவை எல்லாவற்றையும் கோத்த முழுமை மட்டுமே. மணிமேகலைக் காப்பியத்தில் வரும் அளவைவாதி அனுமானத்தைப் பொது, எச்சம், முதல் என மூன்றாக வகுத்து, கருக்கொண்ட முகிலைக் கண்டு மழை வரும் என்பதை முதல் என்கிறான். காரணத்திலிருந்து காரியத்துக்குச் செல்லும் கருதல் அது. மாதிரிகள் செய்வது அந்த வகை.

கோக்கும்போது தவறு நேரலாம் என்பதை மறுக்கவில்லை, நேர்கிறது. மேகம் இதற்குக் கண்முன் உள்ள உதாரணம். ஒரு மேகம் சில கிலோமீட்டர் அகலத்துக்குள் அடங்கிவிடும். மாதிரியின் கட்டம் நூறு கிலோமீட்டர். எனவே கட்டத்துக்குள் எவ்வளவு மேகம், எவ்வளவு தடிமன் என்பதை இயற்பியலிலிருந்து நேரே பெறாமல் ஒரு தோராயச் சூத்திரத்தால் நிரப்புகிறார்கள். வெப்பமண்டலக் கடல்களின் மேல் தாழ்வாகப் படர்ந்து ஒளியைத் திருப்பி அனுப்பும் மேகங்கள் வெப்பம் கூடினால் குறையுமா, எவ்வளவு குறையும் என்பதில்தான் மாதிரிகள் பெரிதும் வேறுபடுகின்றன. 1979இல் ஜூல் சார்னி தலைமையிலான அறிவியலாளர் குழு இரட்டிப்பின் விளைவை 3 டிகிரி, கூடக் குறைய ஒன்றரை என்று மதிப்பிட்டது. நாற்பது ஆண்டுகளுக்குப் பின்வந்த புதிய தலைமுறை மாதிரிகளின் விடைகளோ 1.8இலிருந்து 5.6 வரை பரந்து கிடந்தன. கணினிகளின் ஆற்றல் பன்மடங்கு பெருகியும் வீச்சு குறுகவில்லை. மாதிரியை மட்டுமே நம்பியிருப்பவருக்கு இது சங்கடமான உண்மை, அதை மூடி மறைப்பது காலநிலை அறிவுக்குச் செய்யும் தொண்டாகாது.

அடுத்த மறுப்பு இன்னும் கடுமையானது. கடந்த கால வெப்பநிலையோடு பொருந்தும்படி மாதிரியின் திருகுகளைத் திருகிவிட்டு, பொருந்துகிறது பார் என்று காட்டுவது என்ன சான்று? விடையைப் பார்த்து எழுதிய தேர்வைப் போன்றது அல்லவா? இதில் பாதி உண்மை இருக்கிறது. ஜெர்மனியின் மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தின் மாதிரி ஒன்று கடந்த நூற்றாண்டின் வெப்ப ஏற்றத்தோடு பொருந்துமாறு சீரமைக்கப்பட்டதை அதை உருவாக்கியவர்களே வெளிப்படையாக எழுதியிருக்கிறார்கள். அந்த மாதிரி கடந்த நூற்றாண்டோடு பொருந்துவதை நாம் சான்றாக எண்ணக் கூடாது. அதே சமயம் 1967ஆம் ஆண்டுக் கணக்கை நினைத்துப் பாருங்கள். 1940களுக்குப் பிறகு உலகின் சராசரி வெப்பம் ஏறாமல், சற்றே தணிந்திருந்த காலம் அது. பொருத்திக்கொள்ள அப்போது வெப்ப ஏற்றமே கண்முன் இல்லை. இருந்தும் ஏறும் என்றது கணக்கு, ஏறியது. 1970 முதல் 2007 வரை வெளியான பதினேழு கணிப்புகளைப் பின்னர் நடந்ததோடு ஒப்பிட்ட ஆய்வொன்று 2020இல் வந்தது. பத்து கணிப்புகள் அளவீடுகளோடு ஒத்துப்போயின. மனிதர் எவ்வளவு வாயுவை வெளியிடுவார்கள் என்ற ஊகத்தில் நேர்ந்த பிழையை நீக்கிவிட்டு இயற்பியலை மட்டும் சோதித்தபோது பதினான்கு ஒத்துப்போயின. அடுக்கு மண்டலம் குளிரும் என்ற முன்னறிவிப்பும் பலித்தது. அந்த மண்டலத்தின் கீழ்ப்பகுதிக் குளிர்ச்சியில் ஓசோன் சிதைவுக்கும் பங்கு உண்டு; மேலே செல்லச் செல்லக் கார்பன் டை ஆக்சைடின் பங்கே ஓங்கி நிற்கிறது. சூரியனின் வெளிச்சம் கூடியதால் பூமி சூடாகியிருந்தால் மேலும் கீழும் ஒருசேரச் சூடாகியிருக்க வேண்டும். கீழே சூடு, மேலே குளிர் என்ற இந்தக் கையொப்பம் சூரியனுடையதல்ல.

இயற்கை தானே நடத்திய ஒரு சோதனையும் உண்டு. 1991 ஜூனில் பிலிப்பைன்சின் பினட்டுபோ எரிமலை வெடித்து, ஏறத்தாழ இரண்டு கோடி டன் கந்தக டை ஆக்சைடை அடுக்கு மண்டலத்துக்குள் தள்ளியது. காலநிலை ஆய்வாளர் ஜேம்ஸ் ஹேன்சனின் குழுவினர் அந்தக் கந்தகப் படலத்தைத் தங்கள் மாதிரிக்குள் இட்டு, உலகச் சராசரி வெப்பம் அடுத்த ஆண்டின் பிற்பகுதிக்குள் ஏறத்தாழ அரை டிகிரி தணியும், பிறகு மீளும் என்று முன்கூட்டியே அச்சில் வெளியிட்டார்கள். தணிந்தது, மீண்டது. ஒரு வாரம் கழித்து மழை வருமா என்று சொல்ல முடியாத கணினி நூறாண்டைப் பற்றி எப்படிச் சொல்லும் என்று கேட்பவர்களுக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. எந்த நாளில் எந்த ஊரில் புயல் என்று அந்தக் கணிப்பு சொல்லவில்லை. உள்ளே வரும் ஆற்றலுக்கும் வெளியேறும் ஆற்றலுக்கும் உள்ள கணக்கு மாறினால் மொத்தச் சராசரி எந்தப் பக்கம், எவ்வளவு நகரும் என்றுதான் சொன்னது. இவை இரண்டும் வேறு வேறு கேள்விகள்.

ஆனாலும் காரணத்திலிருந்து காரியத்துக்குப் போகும் கருதல் தனியாக நிற்கப் போதாது என்றே நினைக்கிறேன். அளவைவாதி எச்சம் என்று சொல்லும் இன்னொரு வகை இங்கே துணைக்கு வருகிறது. ஆற்றில் புரளும் வெள்ளத்தைக் கண்டு, மேலே மழை பெய்திருக்கிறது என்று பின்னோக்கிக் கருதுவது அது. அண்டார்க்டிகாவின் பனிக்கட்டிக்குள் அடைபட்ட காற்றுக் குமிழிகள் அத்தகைய வெள்ளம். ஏறத்தாழ இருபதாயிரம் ஆண்டுகளுக்கு முன் பனியுகம் உச்சத்தில் இருந்தபோது கார்பன் டை ஆக்சைடு பத்து லட்சத்தில் 190 பங்கு அளவில் இருந்தது என்று அவை காட்டுகின்றன. அன்றைய பூமி எவ்வளவு குளிர்ந்திருந்தது என்பதைக் கடலடி வண்டலிலுள்ள நுண்ணுயிர் ஓடுகள் முதலான தடயங்கள் சொல்கின்றன. மாதிரி தேவையில்லாத தனிச் சாட்சி இது. அமெரிக்காவின் புகழ்பெற்ற மாதிரி ஒன்று இரட்டிப்புக்கு ஐந்து டிகிரிக்கு மேல் விடை தந்தது. அதே மாதிரியைப் பனியுகக் காலத்துக்குத் திருப்பி ஓட்டியபோது, தடயங்கள் ஏற்காத அளவுக்குப் பூமி உறைந்தது. அதன் மேகச் சூத்திரத்தில் எங்கோ கோளாறு என்பது அப்படித்தான் தெரிந்தது. 2021இல் ஐ.நா.வின் காலநிலைக் குழுவான ஐ.பி.சி.சி. தன் ஆறாம் அறிக்கையில் மாதிரிகளின் சராசரியை அப்படியே எடுத்துக்கொள்ளவில்லை. அடிப்படை இயற்பியல், அளவீட்டுக் காலத்து வெப்ப ஏற்றம், பண்டைக் காலத் தடயங்கள் ஆகியவற்றைச் சேர்த்து எடைபோட்டு, இரட்டிப்பின் விளைவு 2.5 முதல் 4 டிகிரிக்குள் இருக்க வாய்ப்பு மிகுதி, மைய மதிப்பு 3 என்று முடிவுகட்டியது. சார்னி சொன்ன அதே மூன்று, இம்முறை குறுகிய வீச்சோடும் தனித்தனிச் சாட்சிகளோடும். நான் முதலில் சொன்ன நிபந்தனை இதுதான்: கருதல் கட்டுப்படுத்த வேண்டுமானால் அது தோற்கக்கூடியதாக இருக்க வேண்டும், தோற்றால் தள்ளுவதற்கு ஆள் இருக்க வேண்டும்.

இதை ஒப்புக்கொண்டாலும் ஒரு மறுப்பு மிஞ்சுகிறது. கதிர்வீச்சுக் கணக்கைப் போடத் தெரியாத கோடானுகோடிப் பேருக்கு இது கருதலே அல்ல, உரை. அறிஞர் சொன்னார், நம்பினோம். அப்படியானால் ஆகமத்தை நம்புவதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு? உரையை இழிவான அளவையாக நான் கருதவில்லை. பிறந்த நாளையும் படித்த வரலாற்றையும் உட்கொள்ளும் மருந்தையும் உரையால்தான் அறிகிறோம். உரையைத் தள்ளிவிட்டு ஒரு நாளும் வாழ முடியாது. எந்த உரையை ஏற்பது என்பதே கேள்வி. நம் மரபு, சொன்னவர் பிழையற்றவரா என்று கேட்டது. காலநிலை அறிவைப் பொறுத்தவரை, சொன்னவரின் பிழையைக் கண்டுபிடிக்கும் வழி திறந்திருக்கிறதா என்று கேட்டால் போதும். மாதிரிகளின் பொதுச் சோதனை முடிவுகள் யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கும்படி வெளியிடப்படுகின்றன; சில மாதிரிகளின் நிரல்களும் அப்படியே. முன்பத்தியில் கண்ட அமெரிக்க மாதிரியை யாரும் வெளியிலிருந்து படையெடுத்து வீழ்த்தவில்லை. அதே துறையினரே சோதித்துத் தள்ளினார்கள். உடன்பாட்டின் எண்ணிக்கையைக் கண்டு மயங்கவும் கூடாது. முப்பது மாதிரிகள் ஒரே விடை சொன்னால் முப்பது சாட்சிகள் என்று எண்ணத் தோன்றும். ஆனால் பல மாதிரிகள் ஒரே நிரலிலிருந்து கிளைத்த உறவுக்காரர்கள், ஒரே பிழையைச் சேர்ந்தே சுமக்கக் கூடியவர்கள். அறிவியல் வரலாற்றாளர் நயோமி ஒரெஸ்கஸ் முதலியோர் 1994இலேயே, இயற்கையைப் பற்றிய எந்தக் கணினி மாதிரியையும் மெய்யென்று முற்றாக நிறுவ முடியாது என்று வாதிட்டார்கள். அவர்கள் சொன்னது சரி. அது மாதிரிகளுக்கு மட்டும் உரிய குறையல்ல. நாளைய உலகைப் பற்றிய அறிவு அனைத்துக்கும் அது பொருந்தும்.

அப்படி முற்றாக நிறுவ முடியாத அறிவு நம்மைக் கடமைக்கு உட்படுத்துமா? அறிவு முழுமை பெறும் வரை செயலைத் தள்ளிவைப்பது பல விஷயங்களில் விவேகமே. தவறென்று தெரிந்தால் திரும்பி வரலாம் என்ற இடங்களில் அது பொருந்தும். இங்கே திரும்பி வரும் பாதை இல்லை. காற்றில் சேரும் கார்பன் டை ஆக்சைடில் கணிசமான பங்கு நூற்றாண்டுகளைத் தாண்டியும் அங்கேயே தங்குகிறது. உமிழ்வை முழுவதும் நிறுத்தினாலும் ஏறிய வெப்பம் நூற்றாண்டுகளுக்கு இறங்காது. கடல் மட்டம் அதற்குப் பிறகும் ஏறிக்கொண்டிருக்கும். பூதவாதி கேட்கும் காட்சி அவனுக்குக் கிடைக்கும் நாளில் அதை வைத்துச் செய்வதற்கு அவனிடம் எதுவும் மிஞ்சியிருக்காது. ஹான்ஸ் யோனாஸ் என்ற தத்துவவாதி, சார்னி அறிக்கை வந்த அதே 1979இல், தொழில்நுட்பக் காலத்துக்கான பொறுப்பறத்தை எழுதினார். நம் செயலின் தொலைவிளைவுகளை முன்னறிவதும் இன்று கடமையின் ஒரு பகுதி என்பதும், கேடு நேரும் என்ற முன்னறிவிப்புக்கு நலம் விளையும் என்ற முன்னறிவிப்பைவிட அதிகச் செவி கொடுக்க வேண்டும் என்பதும் அவர் நிலைப்பாடு. பின்னதை நான் அப்படியே ஏற்கவில்லை. அச்சத்தை அளவுகோலாக்கினால் யாருடைய அச்சம் என்ற கேள்வி வரும். மின்சாரம் இன்னும் எட்டாத வீட்டுக்காரரின் அச்சமும் நியாயமானதே. முன்னதை மறுக்க எனக்கு வழி தெரியவில்லை. முன்னறிய முடிந்தும் அறியாமல் இருந்தவன், விளைவு வந்தபின் அறியவில்லை என்று சொல்லித் தப்ப முடியாது. 2.5க்கும் 4க்கும் இடையிலுள்ள ஐயமும் அவனுக்குச் சாதகமானதல்ல. குறைவாக இருக்கலாம் என்பதற்கு இடம் விடும் அதே ஐயம், அதிகமாக இருக்கலாம் என்பதற்கும் இடம் விடுகிறது. இழப்போ வெப்பத்தைவிட வேகமாக ஏறுகிறது.

கடைசியாக விதியைப் பற்றி ஒரு சொல். கணினி நூறாண்டுகளை முன்னோட்டிக் காட்டுவதால், எல்லாம் எழுதப்பட்டுவிட்டது போன்ற சோர்வு சிலரிடம் உண்டாகிறது. மாதிரியின் அமைப்பைப் பார்த்தால் அந்தச் சோர்வுக்கு இடமில்லை. உள்ளே காற்றும் மேகமும் கடல்நீரோட்டமும் பனிப்பரப்பும் சமன்பாடுகளிலிருந்து பிறக்கின்றன. மனிதர் வெளியிடும் வாயுவின் அளவு மட்டும் அப்படிப் பிறப்பதில்லை. ஆண்டுவாரியான எண்களாக அது வெளியிலிருந்து எழுதிக் கொடுக்கப்படுகிறது, ஏனென்றால் அதைத் தரும் சமன்பாடு இயற்பியலில் இல்லை. ஆறாம் அறிக்கை அப்படி ஐந்து எண்வரிசைகளை எடுத்துக்கொண்டது. மிகக் குறைந்த உமிழ்வுக்கு, 2081 முதல் 2100 வரையிலான சராசரி வெப்பம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியைவிட 1.4 டிகிரி கூடுதல். மிக அதிக உமிழ்வுக்கு 4.4. இரண்டும் மைய மதிப்பீடுகள். இரண்டிலும் இயங்கும் இயற்பியல் ஒன்றே. நடுவிலுள்ள மூன்று டிகிரி எந்த எண்வரிசையை உள்ளே கொடுத்தோம் என்பதைப் பொறுத்தது, அந்த எண்வரிசையை நிலக்கரி, போக்குவரத்து, காடு, வேளாண்மை பற்றி அரசுகளும் மக்களும் எடுக்கும் முடிவுகள் இப்போதும் எழுதிக்கொண்டிருக்கின்றன.